எம்மாவுபுரத்து முதல் பந்தி

எம்மாவுபுரம் சபையார் தங்கள் சொந்தக் கோயிலுக்குள் உட்கார இடமில்லாமல், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்த அந்த வருஷத்தில், சபைச் செயலாளராக இருந்தவர் இரும்புக்கடை மனாசே. தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் நடுவில், தூரத்திலிருந்து பார்த்தால் பனைகளுக்கு மேலே கோயில் கோபுரம் மட்டும் தெரிகிற ஊர் அது. ஊரில் பிறந்தவர்களில் பாதிப் பேர் சென்னை, பம்பாய், குவைத், கனடா என்று போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள், போனவர்களுடைய வீட்டுச் சாவிகளை ஆணியில் மாட்டிவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளையும் சொள்ளையுமாகக் கோயிலுக்கு வந்து, காலியான பெஞ்சுகளைப் பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஜோயல் ஐயர் மாற்றலாகி வந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாலிபப் பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. வந்த முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே போனை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஆடு காணாமப் போனா மேய்ப்பன்தான் தேடிப் போகணும். நம்ம ஆடெல்லாம் இப்ப இதுக்குள்ளதான் மேயுது. நாமளும் இதுக்குள்ள போவோம். சபைக்கு ஒரு பக்கம் தொடங்குவோம், ஆராதனைய நேரலையா விடுவோம்.”

கமிட்டியார் எல்லாரும் மனாசேயைப் பார்த்தார்கள். கோயிலுக்கு மின்விசிறி வந்தபோது ஆட்சேபித்தவர் அவர். கீபோர்டு வந்தபோது இரண்டு வாரம் பாடாமல் உட்கார்ந்திருந்தவர். ஆனால் அன்றைக்கு அந்த மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நல்ல காரியம். செய்வோம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கிழக்கே உதிக்கிற சூரியன் மேற்கே உதித்ததுபோல் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

காரணத்தின் பெயர் கெசியா. மனாசேயின் ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊர்க்காரன், வேறு வேதக்காரன் ஒருவனைப் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள். ஆராதனை முடிவில், ஆசீர்வாதத்துக்கு முன்னால், அறிவிப்புகளை வாசிப்பது செயலாளர் வேலை. கல்யாண ஓலை, காணிக்கை, கிணற்றடியில் கண்டெடுத்த குடை என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்த மனாசே, குடையை வாசித்த அதே குரலில், “சபையின் ஒழுங்கை மீறித் திருமணம் செய்துகொண்டபடியால் மனாசே மகள் கெசியா சபை ஐக்கியத்தைவிட்டு நீக்கிவைக்கப்படுகிறாள்” என்றும் வாசித்தார். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் அண்ணாச்சி என்று அப்போதிருந்த ஐயர் கெஞ்சித்தான் பார்த்தார். “சட்டம்னா என் வீட்டுக்கும் சட்டம்தான்” என்று நெஞ்சை நிமிர்த்தினார் மனாசே. அந்த நெஞ்சு ஒரு வாரம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஆனால் வாசித்தது வாசித்ததுதான். அவர் மனைவி தங்கபுஷ்பம் அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், வேட்டிக்கு நீலம் போட்டாள், கோயிலுக்கு அவர் பின்னாலேயே நடந்து வந்தாள். மகள் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கவில்லை. கெசியா எந்த ஊரில் இருக்கிறாள், என்ன செய்கிறாள், ஒன்றும் தெரியாது. பழைய நம்பரில் வேறு யாரோ பேசினார்கள்.

எந்த ஊரில் இருந்தாலும் அவள் கையில் ஒரு போன் இருக்கும் அல்லவா? ஜோயல் ஐயர் உலகத்துக்கே வலை வீசட்டும். மனாசேக்கு வேண்டியது ஒரே ஒரு மீன்.

முதல் நேரலைக்கு வரவேற்புரை சொல்லும்படி ஐயர் அவரைக் கேட்டுக்கொண்டார். போனைப் பார்த்து என்ன பேசுவது என்று மனாசேக்குத் தெரியவில்லை. அதனால், வருஷாவருஷம் அசனப் பண்டிகைக்கு ஊரைக் கூப்பிடும் அழைப்பையே, அவருக்கு முன்னிருந்த செயலாளர்கள் எல்லாரும் சொன்ன ராகத்திலேயே சொன்னார். அசனம் என்றால் ஊர்ப் பொதுச் சாப்பாடு. சபையே சேர்ந்து சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் போடுவது.

“தூரத்தில் இருக்கிறவர்களும் சமீபத்தில் இருக்கிறவர்களும் குடும்பத்தோடும் குஞ்சு குளுவானோடும் வந்து, எங்களோடு உட்கார்ந்து, எங்கள் பந்தியில் கை நனைக்கும்படி வருந்தி வருந்தி அழைக்கிறோம்.”

பீடத்தண்டையில் நின்று சொன்ன அழைப்பு அந்த ஊரில் பொய்த்ததில்லை. அதனால் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தது பொன்னம்மாள். சாட்சி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தவள், தேள் கொட்டினதுபோல் எழுந்தாள். “யாத்தே! யார் மடியிலயோ உக்காந்துட்டேன்!” பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. கையால் தடவிப் பார்த்தால் முட்டி தட்டுப்பட்டது. கம்பளிச் சட்டையின் சொரசொரப்புத் தட்டுப்பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு குளிர் அடித்தது. அது கனடாக்காரர் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து இடத்தில் புழுக்கமும் டீசல் வாசனையுமாக ஒருவர். அது குவைத். அதற்கடுத்து மீன் வறுவல் வாசனையோடு ஒரு பெண்பிள்ளை. அடுப்பங்கரையில் போனைச் சாய்த்துவைத்துவிட்டுப் பார்க்கிறாள்போல. கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை, கைக்கு எல்லாரும் தெரிந்தார்கள். ஐயர் நேரலையை நிறுத்தியதும் பெஞ்சுகள் ஒருமுறை முனகிவிட்டு லேசாகிவிட்டன.

ஊர் இதற்காக அலறி ஓடவில்லை. விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியும். அடுத்த வாரம் சபையார் பெஞ்சுகளை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். வந்தவர்கள் இன்னும் பெருகி, வந்தவர்களின் சிநேகிதர்களும் சிநேகிதர்களின் சம்பந்திகளும் பெருகி, பாய்க்கும் ஆள் வந்தபோது வராந்தாவுக்கு நகர்ந்தார்கள். வராந்தாவும் நிறைந்தபோது வேப்பமரத்தடிக்கு வந்து, ஒலிபெருக்கியை மரத்தில் கட்டிக்கொண்டார்கள். தெரியாமல் யார் மடியிலாவது உட்காரப் போகிறவர்களை, “ஆள் இருக்கு!” என்று கத்தி நிறுத்துவது மனாசேயின் வேலையாயிற்று. பெண்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் உட்காருகிறார்கள் என்று ஒரு புகார் வந்தது. “நேரலையில் இருக்கும் ஆண்கள் தயவுசெய்து இடப்பக்கம் அமரவும்” என்று மனாசே அறிவித்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. வந்திருக்கிறவர்களுக்குத் தாங்கள் வந்திருப்பது தெரியாது, அதுதான் சங்கடம். “மாப்ளே, நீ போன ஞாயிறு ரெண்டாம் பெஞ்சுல உக்காந்திருந்த” என்று யாராவது போன் போட்டுச் சொன்னால், “ஆமா மாமா, மனசெல்லாம் அங்கதான் கெடக்கு” என்று பக்தியாகப் பதில் வரும். அதற்கு மேல் என்ன சொல்வது?

இன்னொரு சங்கடமும் இருந்தது. எம்மாவுபுரத்துக்கு வருகிற சிக்னல் நொண்டிச் சிக்னல். ஊருக்கு மேற்கே ஓடைப்பாலம் தாண்டித் தேரிக்குள் இறங்கினால் அதுவும் கிடையாது. அதனால் ஐயர் “எழுந்து நிற்போம்” என்று சொல்லி, சபை எழுந்து, பாட்டுப் பாடி, உட்கார்ந்த பிறகுதான், உள்ளே பெஞ்சுகள் கிறீச்சிட்டு வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். ஊர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவர்கள் போன பாட்டுக்குக் கை தட்டுவார்கள்.

ஈஸ்டர் அன்று இன்னொன்று தெரிந்தது. விடியற்கால ஆராதனை முடிந்து, சபையாருக்குக் கொடுக்கிற காப்பியும் பன்னும் போனுக்கு முன்னால் மேசையில் இருந்தன. எடுத்துக் குடித்தால், காப்பி அளவு குறையாமல், சூடு குறையாமல், ருசி மட்டும் இல்லாமல் இருந்தது. பன் பஞ்சாக இருந்தது. “விருந்தாளி குடிச்சுட்டான்” என்று சொல்லிவிட்டு, சபையார் அந்தச் சப்பென்ற காப்பியைக் குடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகு தங்களுக்கானதைப் போனுக்கு முதுகு காட்டி வைத்துக்கொண்டார்கள்.

சொந்தக்காரர்களை அடையாளம் தெரிந்தவர்கள் மட்டும் வெயிலிலும் மழையிலும் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. பொன்னம்மாளின் மகன் துபாயில் இருந்தான். அவன் வந்து உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்து, அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவன் முட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டே அவள் பிரசங்கம் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முட்டி கொதித்தது, பெஞ்சே நடுங்கியது. ஆராதனை முடியுமுன்னே வெளியே ஓடிப் போன் போட்டாள். “காய்ச்சலாய்யா?” “இல்லம்மா, நல்லா இருக்கேன்.” திரும்ப உள்ளே வந்து, பொய் சொல்லுகிற அந்த நடுக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாத்திரை கொடுக்க வழியில்லை.

மனாசேயும் தேடினார். ஞாயிறுதோறும் நேரலை தொடங்கியதும், யாருக்கும் தெரியாததுபோல் நடந்து, மூன்றாம் பெஞ்சின் ஓரத்துக்குப் போவார். கெசியா ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து உட்கார்ந்த இடம் அது. கையை வைத்துப் பார்ப்பார். உலகமே வந்து நிறைந்து வழிந்த கோயிலில், அந்த இடத்தில் மட்டும் பெரிய ஆள் ஒருவரும் இல்லை. பூனைக் கனத்தில் எதுவோ ஒன்று இருக்கும். லேசாக, சூடாக, பன் வாசனையோடு. ஈஸ்டர் பன்னை ருசி பார்த்த யார் வீட்டுப் பூனையோ போனுக்கு முன்னால் படுத்துக்கொண்டு நேரலை வந்தவர்களோடு சேர்ந்துகொண்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் எரிச்சலில், “சூ! போ அந்தப் பக்கம்!” என்று விரட்டியும் விட்டார். அது போகவில்லை. அடுத்த வாரமும் இருந்தது.

மழைக்காலம் வந்தபோது கமிட்டி கூடியது. வேப்பமரத்தடி ஒழுகுகிறது, பாட்டுப் புத்தகம் நனைகிறது, கைக்குழந்தைகளுக்குச் சளி. பேசாமல் நேரலையை நிறுத்திவிடலாமா?

“நிறுத்தலாம்” என்றார் ஜோயல் ஐயர். வெளுத்துப் போயிருந்தார் பாவம். நல்ல எண்ணத்தோடு கதவைத் திறந்தவர், இப்போது கதவை மூடத் தெரியாமல் நின்றார். “ஆனா, யாராவது பீடத்தண்டையில நின்னு அவங்களப் போகச் சொல்லணும். அழைச்சது பீடத்துலருந்துதானே.”

“வான்னு சொன்ன வாயால போன்னு எப்படிச் சொல்ல?” என்றார் ஒருவர். “அப்படிச் சொன்ன வாய் இந்த ஊர்ல...” என்று இன்னொருவர் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். எல்லாரும் மனாசேயைப் பார்த்துவிட்டு, உடனே தரையைப் பார்த்தார்கள்.

மனாசேக்கு முகம் கருத்தது. “என்னால இன்னொரு தடவ அத வாசிக்க முடியாது” என்றார். அதோடு கூட்டம் கலைந்தது. வேப்பமரத்துக்குத் தார்ப்பாய் கட்டினார்கள்.

இப்படியாக அசனப் பண்டிகை வந்தது. அசனத்துக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. அன்றைக்கு யாரையும் யாரென்று கேட்கக்கூடாது. பகைவன் வரலாம், பரதேசி வரலாம், சபையைவிட்டு நீக்கப்பட்டவர்களும் வரலாம். கோயில் வாசல் அடைத்திருந்தாலும் பந்தல் வாசல் அடைக்காது. வருகிறவர்களுக்கு இலை போடாத அசனம் அசனமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மனாசே முந்தின மூன்று ஞாயிறும் போனுக்கு முன்னால் நின்று, வருந்தி வருந்தி அழைத்தார். அழைக்கும்போது குரல் கம்மியது. சளி என்று சொல்லிக்கொண்டார்.

விருந்தாளிக்குத்தான் முதல் பந்தி என்று சபை தீர்மானித்தது. பந்தலில் வரிசை வரிசையாகக் கோரைப்பாய், வரிசை வரிசையாக வாழை இலை. ஜோயல் ஐயர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு பந்தல் முழுக்கக் காட்டியபடி நடந்தார். நடக்க நடக்கப் பாய்கள் அமுங்கின. சமையல் பொறுப்பாளர் ராசையா தலைமையில் வாலிபர்கள் வாளியும் கரண்டியுமாக இறங்கி, ஒருவரும் இல்லாத இலைகளுக்குக் குனிந்து குனிந்து, “சோறு போடட்டா, கொஞ்சம் கறி வைக்கட்டா” என்று மரியாதையாகக் கேட்டுப் பரிமாறினார்கள். ஊர் முழுவதும் பந்தலைச் சுற்றிக் கயிற்றுக்கு வெளியே, பசியோடு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மனாசே பந்தலின் உள்கோடியில், கம்பி கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எட்டாம் வரிசைக்கு ரசம், எட்டாம் வரிசைக்கு ரசம்” என்று நடத்திக்கொண்டிருந்தார்.

அப்போது பகல் பஸ்ஸிலிருந்து கெசியா இறங்கி வந்தாள்.

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நீலச் சேலை. கையில் நாலைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை, ரெட்டைச் சடை. பந்தல் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். கயிற்றோரம் நின்ற தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை மைக்கில் நின்றவரைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “அம்மா, போன்ல வர்ற தாத்தா!” என்றது.

கெசியாவுக்கு அசனத்தின் ஒழுங்கு தெரியும். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வாசலுக்குப் பக்கத்து வரிசையில், முன்னால் இருந்த இலைக்கு நடந்து, செருப்பைக் கழற்றி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரக் குனிந்தாள்.

மனாசேயின் தொண்டையில் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை இருந்தது. “வாம்மா” என்கிற வார்த்தை. தினமும் கடைக்குப் போகும் வழியில் அதைச் சொல்லிப் பார்த்து, சொல்லிப் பார்த்து, தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்திருந்தார். ஆனால் அந்த இலையில் கனடாக்காரர் உட்கார்ந்திருந்தார். வயசாளி, இடுப்பு ஒடிந்த மனுஷன். அவர் மடியில் இரண்டு பேர் விழப்போகிறார்கள் என்று பார்த்ததும், இத்தனை மாதமாக ஞாயிறுதோறும் கத்திக் கத்திப் பழகிய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“அங்க உக்காராத! ஆள் இருக்கு!”

மைக்கில் அது ஊர் எல்லைவரை கேட்டது.

கெசியா குனிந்தபடியே நின்றாள். காலியான இலையைப் பார்த்தாள். பந்தல் முழுக்க, வரிசை வரிசையாக, ஒரு மனித ஜென்மம் இல்லாமல் கிடந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“எங்கப்பா ஆள் இருக்கு?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். “இவ்ளோ இலை கெடக்கு. எனக்கு இடமில்லன்னு சொல்லிட்டீங்கன்னா நான் போயிருவேன். ஆள் இருக்குன்னு ஏன் பொய் சொல்லுதீய?”

“இல்லட்டி, நெசமாவே...” என்று மனாசே சொன்னது மைக்கில் விழவில்லை, மைக் கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை தோளுக்கு மேலாகத் திரும்பி, “அம்மா, பாயசம்?” என்று கேட்டது. அது கடந்து போனபோது பன் வாசனை அடித்தது என்று வாசலில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். உள்கோடியில் நின்ற மனாசேக்கும் அடித்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தப் பூனை என்னவென்று விளங்கியது.

ஓடப் பார்த்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்களைத் தாண்டி எந்த எம்மாவுபுரத்தானும் கால் வைத்ததில்லை. இலையைத் தாண்டுவது உயிரைத் தாண்டுவதுபோல. வரிசைக்கு இடையில் புகுந்தால் முட்டிகள் இடித்தன, முதுகுகள் இடித்தன. குவைத்காரரின் தோளில் மோதித் தடுமாறினார். நடுவில் நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல், இக்கட்டில் மாட்டிய மாடுபோல் திரும்பி வந்து மைக்கை எடுத்தார்.

“எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க” என்றார். “கோடிப் புண்ணியமாப் போகும். ரெண்டே பேருக்கு இடம் விடுங்க. என் மகளுக்கும் பேத்திக்கும். வருந்திக் கேக்கேன், கொஞ்சம் நெருங்குங்க.”

பந்தலில் ஒரு பாயும் அசையவில்லை. நொண்டிச் சிக்னல் அவருடைய வார்த்தைகளைச் சுமந்துகொண்டு கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் போகிற பஸ் ஆரன் அடித்தது. மனாசே திரும்பத் திரும்ப, நெருங்குங்க, நெருங்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு சாத்துகிற சத்தமும் கியர் விழுகிற சத்தமும் எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் வந்தவர்கள் நகர்ந்தார்கள். முதல் வரிசையில் கனடாக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார், அவருக்குப் பக்கத்தில் சென்னை நகர்ந்தது, பம்பாய் நகர்ந்தது, குவைத் நகர்ந்தது. கோரைப்பாய்கள் சரசரவென்று ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. உலகமே மனமுவந்து ஒடுங்கி உட்கார்ந்து, பந்தல் வாசலில், ஒரு பெரிய ஆளும் ஒரு சின்ன ஆளும் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டது.

தங்கபுஷ்பம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அந்த இடத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“அந்தப் போன அணைச்சிருந்தா பந்தல் முழுக்க இடம் வந்திருக்குமேங்க” என்றாள்.

ஜோயல் ஐயர் கையிலிருந்த போனைப் பார்த்தார். ராசையா வாளியைக் கீழே வைத்தார். ஊரே அவள் சொன்னதை யோசித்துப் பார்த்து, தங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற விருந்தாளியைப் பாதியில் எழுப்புவது என்பது அவர்களுடைய புத்திக்குள் இல்லாத காரியம். இப்போதும் யாரும் அணைக்கவில்லை. அணைத்து என்ன ஆகப்போகிறது?

“இலை போடுங்க” என்றாள் தங்கபுஷ்பம். யாரும் நகராததைப் பார்த்து, அவளே ஒரு பெரிய இலையும் ஒரு சின்ன இலையும் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் கறியும் கூட்டும் வைத்தாள். சின்ன இலையில் கறியின் உறைப்பைச் சோற்றில் பிசைந்து குறைத்து வைத்தாள். ராசையா கருப்பட்டிப் பாயசத்தைக் கொண்டுவந்து இரண்டு இலையிலும் ஊற்றினார். பிறகு அவள் எழுந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள்.

மனாசே பந்தலைச் சுற்றி நடந்து வந்து இலைகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். பெரிய இலைக்கு நேரே இருந்த பாயைத் தொட்டார். சில்லென்று, தட்டையாக, யாரும் இல்லாமல் இருந்தது. அந்த இலையில் இருந்து ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தார். உப்பு, புளி, மல்லி, ஆட்டுக்கறியின் கொழுப்பு எல்லாம் அப்படியே இருந்தது. அன்றைக்கு அந்தப் பந்தலில் ருசி குறையாமல் கிடந்த இலை அது ஒன்றுதான். விழுங்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே அழுதார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதார்.

அப்போது சின்ன இலைக்கு முன்னால் பாய் லேசாக அமுங்கியது. பூனைக் கனம். ஆனால் நிலையாக இல்லை. மோசமான ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, குலுங்கிக் குலுங்கி ஆடியது. ஜன்னலோரம் திரும்பிக்கொண்டு இருக்கிற ஒரு அம்மாவின் மடியிலிருந்து போனை எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. மனாசே விரலைச் சின்ன இலையின் பாயசத்தில் தொட்டு நாக்கில் வைத்தார். தண்ணீரைவிடச் சப்பென்று இருந்தது. ஒரு சொட்டு இனிப்பு மிச்சமில்லை.

“பிள்ள பாயசம் குடிச்சுட்டு” என்றார். பிறகு பந்தல் அதிரக் கத்தினார். “ராசையா! பிள்ள பாயசம் குடிச்சுட்டுடே! இன்னும் கொண்டா! முந்திரி இருந்தா அள்ளிப் போட்டுக் கொண்டா!”

ஐயர் போனை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பிடித்தார். பேத்தியைக் கூப்பிட வாயைத் திறந்த மனாசேக்கு, அவள் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. “தாத்தா பேசுதேம்மா” என்றார். “தாத்தா தெரியாமச் சொல்லிட்டேன். அம்மாட்டச் சொல்லு. தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லு.” அவர் சொன்னதைச் சுமந்துகொண்டு அந்த நொண்டிச் சிக்னல் புறப்பட்டது. ராசையா வாளியோடு ஓடிவந்து, பெரிய கரண்டியால் மொண்டு, முந்திரி முந்திரியாகப் பார்த்துச் சின்ன இலை நிறைய ஊற்றினார். ஊரே கயிற்றைத் தாண்டி வந்து சுற்றி நின்றுகொண்டு, குலுங்குகிற அந்தப் பாயைப் பார்த்தது.

பாய் இன்னும் ஒருமுறை குலுங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

கூட்டத்தில் யாரோ, “பஸ் ஓடைப்பாலம் தாண்டியிருக்கும்” என்றார்கள்.

மனாசே கேட்காததுபோல் இருந்தார். சின்ன இலையைத் தன் பக்கம் இழுத்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். பாயசம் நல்ல இனிப்பாக இருந்தது.